ஆட்டக் கோட்பாடு: தனியாகப் படிக்க ஆஸ்போர்ன் புத்தகம் போதுமா?

தாமிரபரணி எழுதியது:

வணக்கம். பி.எஸ்சி. கணிதம் முடித்து வங்கியில் வேலை பார்க்கிறேன். ஆட்டக் கோட்பாட்டை, அதாவது ஒருவரின் பலன் மற்றவர்களின் முடிவையும் சார்ந்திருக்கும்போது எப்படி முடிவெடுப்பது என்று ஆராயும் கணிதத்தை, முறையாகப் படிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. யூடியூபில் தேடினால் எல்லாரும் அந்த இரண்டு கைதிகளின் கதையைச் சொல்கிறார்கள் (தனித்தனியே விசாரிக்கப்படும் இருவர், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுப்பதா, மௌனமாக இருப்பதா?). நாஷ் சமநிலை என்றால் "யாரும் தன் முடிவை மாற்றிக்கொள்ள விரும்பாத நிலை" என்கிறார்கள். அதோடு வீடியோ முடிந்துவிடுகிறது. சரி, ஆழமாகப் பார்ப்போம் என்று முதுகலைப் பாடநூல் ஒன்றைத் திறந்தால் ஆரம்பத்திலேயே நிலைப்புள்ளித் தேற்றம் (சில நிபந்தனைகளில் ஒரு சார்பு ஏதாவது ஒரு புள்ளியை அதே இடத்தில் விட்டுவைக்கும் என்பது) வந்து வழிமறிக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா? கதையும் வேண்டும், வரையறையும் நிரூபணமும் வேண்டும். மார்ட்டின் ஆஸ்போர்ன் எழுதிய அறிமுக நூலைச் சிலர் சொன்னார்கள். சொல்லித்தர ஆள் இல்லாமல் படிக்க அது சரிப்படுமா?

கரும்பலகை எழுதியது:

தாராளமாகச் சரிப்படும். கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நீங்கள் கேட்கிற அந்த நடு இடத்துக்கு என்னிடம் இருக்கும் முதல் பதில் இந்தப் புத்தகம்தான். 'ஆன் இன்ட்ரொடக்ஷன் டு கேம் தியரி', ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம், 2004. ஆஸ்போர்ன் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர்.

இதற்குத் தேவையான கணிதம் குறைவு. கணங்கள், சார்புகள், கொஞ்சம் நிகழ்தகவு, அங்கங்கே எளிய வகையீடு. பின்னிணைப்பில் அதையும் நினைவூட்டிவிடுகிறார். ஆனால் கணிதம் குறைவு என்பதால் துல்லியம் குறைவு என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு கருத்துக்கும் முழு வரையறை உண்டு. வரையறைகளுக்கும் தேற்றங்களுக்கும் பக்க எண்ணையே வைத்து எண் கொடுத்திருப்பார். "வரையறை இத்தனை" என்று எங்காவது குறிப்பிட்டால் நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடலாம். தனியாகப் படிப்பவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பது கையில் எடுத்தால் தெரியும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வீடியோக்களில் கைதிகளின் அட்டவணையை எழுதி அதில் 3, 2, 1, 0 என்று எண்களைப் போடுவார்கள். அந்த எண்கள் என்ன? பணமா, சிறையில் கழிக்காத வருடங்களா? ஆஸ்போர்ன் அங்கேயே நிறுத்தி விளக்குகிறார்: முதல் அத்தியாயங்களில் இந்த எண்கள் சொல்வது விருப்ப வரிசையை மட்டும்தான். 3, 2, 1, 0 என்பதை அழித்துவிட்டு 300, 2, 1, மைனஸ் 50 என்று எழுதினாலும் அதே ஆட்டம், அதே சமநிலை. அப்புறம் நான்காம் அத்தியாயத்தில், ஆட்டக்காரர்கள் நிகழ்தகவோடு முடிவெடுக்கத் தொடங்கும்போது, வரிசை மட்டும் போதாது. 3க்கும் 2க்கும் உள்ள இடைவெளியும் முக்கியமாகிறது. எதற்காக எந்த அனுமானம் உள்ளே வருகிறது என்பதை மாணவனுக்குத் தெரியாமல் அவர் உள்ளே விடுவதே இல்லை. நான் இந்தப் புத்தகத்தை மதிப்பது இதனால்தான்.

எல்லாவற்றையும் நிரூபிக்கிறார் என்று சொல்ல முடியாது. ஆட்டக்காரர்களும் தேர்வுகளும் முடிவுறு எண்ணிக்கையில் இருந்தால் கலப்பு உத்திச் சமநிலை (ஆட்டக்காரர்கள் தங்கள் தேர்வுகளை நிகழ்தகவோடு கலந்து ஆடும் சமநிலை) கட்டாயம் ஒன்றாவது உண்டு என்ற நாஷின் முடிவைச் சொல்கிறார், நிரூபணத்தை விட்டுவிடுகிறார். உங்களை வழிமறித்த நிலைப்புள்ளித் தேற்றம் அங்கேதான் தேவைப்படும். முதல் வாசிப்பில் அது இல்லாததால் ஒன்றும் குறைந்துவிடாது.

கொங்குநாடன் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கணிதப் பட்டதாரிக்கு இந்தப் புத்தகம் ரொம்ப மெதுவாகப் போகும். மூன்றாம் அத்தியாயம் முழுக்கப் பயன்பாடுகள்: கூர்னோ, பெர்ட்ராண்ட் (போட்டி நிறுவனங்கள் உற்பத்தி அளவை அல்லது விலையை முடிவு செய்யும் மாதிரிகள்), தேர்தல் போட்டி, ஏலம், விபத்துச் சட்டம். ஒரே கருவியைத் திரும்பத் திரும்ப வேறு வேறு இடத்தில் வைத்துக் காட்டுகிறார். இதே ஆஸ்போர்ன், ஏரியல் ரூபின்ஸ்டைனோடு சேர்ந்து 1994இல் எழுதிய முதுகலை நூல் இருக்கிறது. அளவில் சிறியது, நேராக விஷயத்துக்கு வரும். ஆசிரியர்களே இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். நிலைப்புள்ளித் தேற்றத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஒரு வாரம் உட்கார்ந்தால் வந்துவிடும்.

கரும்பலகை எழுதியது:

அந்த நூல் அருமையானது, மறுக்கவில்லை. இரண்டாவதாகப் படிக்க அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் அதை முதலில் எடுத்த கணித மாணவர்கள் பலரிடம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். தேற்றத்தை ஒப்பிப்பார்கள். "தெருவில் இருக்கிற மூன்று மருந்துக்கடைகளை ஒரு ஆட்டமாக எழுது, யார் ஆட்டக்காரர், அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார், எதை எதைவிட விரும்புகிறார்" என்று கேட்டால் பேனா நகராது. நிஜ நிலைமையை ஆட்டமாக மாற்றி எழுதும் பழக்கம் அந்த மூன்றாம் அத்தியாயத்தில்தான் வருகிறது. கூர்னோவின் மாதிரி 1838ஆம் ஆண்டினது. நாஷ் பிறப்பதற்கு 90 வருடம் முன்பே ஒருவர் இரண்டு உற்பத்தியாளர்களை வைத்து இந்தச் சமநிலையைக் கண்டிருக்கிறார் என்றால், அதை அவசரமாகத் தாண்டிப் போவானேன்?

அங்கே எல்லாப் பகுதியும் படிக்க வேண்டாம் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். கூர்னோவும் ஏலமும் போதும்.

தாமிரபரணி எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஆஸ்போர்னையே வாங்கிவிட்டேன். இரண்டாம் அத்தியாயம் சுகமாகப் போனது. நாஷ் சமநிலைக்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன என்று அவர் பிரித்துக் காட்டியது புதிதாக இருந்தது: ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பற்றிய தன் நம்பிக்கைக்கு ஏற்ற சிறந்த தேர்வைச் செய்கிறார், அந்த நம்பிக்கையும் சரியாக இருக்கிறது. இந்த இரண்டாவது பாதியை எந்த வீடியோவும் சொல்லவில்லை.

இப்போது நான்காம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு குற்றத்தைப் பலர் பார்க்கிறார்கள், யாராவது ஒருவர் போலீசுக்குச் சொன்னால் போதும், ஆனால் சொல்கிறவருக்குக் கொஞ்சம் சிரமம் என்கிற பகுதி. சாட்சிகள் கூடக் கூட யாருமே சொல்லாமல் போகும் வாய்ப்பு அதிகமாகிறது என்று முடிக்கிறார். கணக்கு வருகிறது, மனசு ஏற்கவில்லை. இன்னொரு சந்தேகமும் உண்டு. சமநிலையில் சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் எனக்கு ஒரே பலன்தான் தருகிறது என்றால், நான் ஏன் குறிப்பிட்ட ஒரு நிகழ்தகவோடு சொல்ல வேண்டும்? எப்படி வேண்டுமானாலும் செய்யலாமே?

கரும்பலகை எழுதியது:

இந்தச் சந்தேகம் வராமல் அந்த அத்தியாயத்தைத் தாண்டியவர்கள் அதைப் படிக்கவில்லை என்றே சொல்வேன். சின்ன எண்களை வைத்துப் பார்ப்போம்.

போலீஸ் வந்தால் ஒவ்வொரு சாட்சிக்கும் 4 அளவு பலன். போன் செய்கிறவருக்கு 1 அளவு செலவு. ஆக, நீங்கள் போன் செய்தால் உங்களுக்கு நிச்சயமாக 3. செய்யாமல் இருந்தால், வேறு யாராவது செய்தால் 4, யாரும் செய்யாவிட்டால் 0.

ஒரே ஒரு சாட்சி என்றால் பிரச்சினையே இல்லை, அவர் செய்துவிடுவார். இரண்டு பேர் என்றால்? ஒருவர் செய்து மற்றவர் சும்மா இருப்பது சமநிலைதான். ஆனால் அந்த ஒருவர் யார்? முன்பின் தெரியாதவர்கள், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதவர்கள் அதை எப்படி முடிவு செய்வார்கள்? எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் சமநிலை வேண்டும் என்றால் கலப்பு உத்தி ஒன்றுதான் மிஞ்சுகிறது. சும்மா இருந்தாலும் எனக்குச் சராசரியாக 3 கிடைக்க வேண்டும் என்றால், மற்றவர் போன் செய்யும் வாய்ப்பு 3/4ஆக இருக்க வேண்டும். அதாவது அவர் மௌனமாக இருக்கும் வாய்ப்பு 1/4. இருவரும் மௌனமாக இருக்கும் வாய்ப்பு 1/4ஐ 1/4ஆல் பெருக்கினால் 1/16.

மூன்று பேர் என்று வைப்போம். என் கணக்கு மாறவில்லை. மற்ற இருவரும் சேர்ந்து மௌனமாக இருக்கும் வாய்ப்பு 1/4 ஆக இருந்தால்தான் எனக்கு இரண்டு பக்கமும் சமம். அப்படியானால் ஒவ்வொருவரும் மௌனமாக இருக்கும் வாய்ப்பு 1/2. மூவரும் மௌனம்: 1/8. இரண்டு மடங்காகிவிட்டது. ஐந்து பேர் என்றால் ஒவ்வொருவரின் மௌனம் சுமார் 0.71, எல்லாரும் மௌனம் சுமார் 0.18. கூட்டம் பெருகப் பெருக இது 1/4ஐ நெருங்கும்.

சாவி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். "என்னைத் தவிர மற்ற எல்லாரும் மௌனம்" என்பதன் வாய்ப்பு, எத்தனை பேர் இருந்தாலும் 1/4தான், ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது என் செலவும் பலனும். அதோடு என் சொந்த மௌனத்தைப் பெருக்கினால் மொத்த மௌனம். கூட்டம் பெருகும்போது என் மௌனத்தின் வாய்ப்பு 1ஐ நோக்கி ஏறுகிறது. அதனால் மொத்தமும் ஏறுகிறது. "நிறைய பேர் இருக்கிறார்கள், யாராவது சொல்வார்கள்" என்ற எண்ணம் எங்கே தோற்கிறது என்பதை இரண்டு வரிப் பெருக்கல் காட்டிவிடுகிறது.

இரண்டாவது சந்தேகம். உண்மைதான், உங்கள் 3/4 உங்களுக்கு எந்த லாபமும் தருவதில்லை. அது மற்றவரைச் சமநிலையில் நிறுத்துகிறது. இதை ஒரு தனி மனிதர் மனதுக்குள் பகடை உருட்டுவதாகப் பார்த்தால் செயற்கையாகத்தான் இருக்கும். ஆஸ்போர்ன் முதலிலிருந்தே வலியுறுத்தும் நிலைத்த நிலை என்ற பார்வையில் பாருங்கள். பெரிய மக்கள் கூட்டம், அதிலிருந்து யாரோ இருவர் இப்படி ஒரு நிலைமையில் மாட்டுகிறார்கள், இது பல முறை நடக்கிறது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் போன் செய்கிற பழக்கம் உடையவர்கள். அது முக்காலுக்குக் கீழே இறங்கினால் போன் செய்வது லாபமாகும், மக்கள் அந்தப் பக்கம் திரும்புவார்கள். மேலே ஏறினால் சும்மா இருப்பது லாபமாகும். பொருளியலாளர் ஹர்சானி 1973இல் இன்னொரு வழி காட்டினார்: ஒவ்வொருவருக்கும் செலவு மிகச் சிறிய அளவில் வேறுபடும், அது அவருக்கு மட்டுமே தெரியும் என்று வைத்துக்கொண்டால் யாருமே பகடை உருட்டத் தேவையில்லை. செலவு குறைவானவர் போன் செய்கிறார், மற்றவர் செய்வதில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது கலப்பு உத்தி போலத் தெரிகிறது.

கணக்கு டீச்சர் எழுதியது:

அழகான விளக்கம் சார். இதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தப் பகுதிக்குப் பின்னணியாகச் சொல்லப்படுவது 1964இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் நடந்த கிட்டி ஜெனோவீஸ் கொலை. 38 பேர் பார்த்தும் தாக்குதல் நடந்தபோது யாரும் போலீசைக் கூப்பிடவில்லை என்று அப்போது செய்தி வந்தது. அந்தச் செய்தி மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னால் தெரிந்தது. பலர் முழுச் சம்பவத்தையும் பார்க்கவே இல்லை. வகுப்பில் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இறந்துபோன ஒரு பெண்ணின் கதை, அக்கம்பக்கத்தில் இருந்த நிஜ மனிதர்களின் கதை.

அப்புறம், உளவியலாளர்கள் டார்லியும் லடானேயும் 1968இல் வெளியிட்ட சோதனைகளில் கூட இருப்பவர்கள் அதிகமானால் ஒருவர் உதவ முன்வருவது குறைகிறது என்று கண்டார்கள். பொறுப்பு எல்லார் மேலும் பரவிவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம். இந்தக் கணக்கும் அதையேதான் சொல்கிறதா?

கரும்பலகை எழுதியது:

திருத்தத்துக்கு நன்றி டீச்சர், அவசியமானது. செய்தி பொய்த்தாலும் மாதிரி பொய்க்காது, ஏனென்றால் அது அந்தச் செய்தியை ஆதாரமாக வைத்துக் கட்டப்படவில்லை.

இரண்டும் ஒன்றல்ல. அவர்கள் விளக்கத்தில் கூட்டத்துக்குள் மனிதரின் மனநிலையே மாறுகிறது. இங்கே மனநிலை மாறவில்லை. பலன் 4, செலவு 1 என்பது இரண்டு பேருக்கும் இருநூறு பேருக்கும் அதேதான். யாரும் கல்நெஞ்சராக மாற வேண்டாம், யாரும் நிலைமையைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் வேண்டாம், அப்போதும் மௌனம் கூடும் என்பதுதான் இந்தக் கணக்கின் பலம். நிஜத்தில் இரண்டும் சேர்ந்தே வேலை செய்யலாம். எது எவ்வளவு என்று சொல்ல சோதனை வேண்டும்.

மென்பொருள்வாசி எழுதியது:

நான் விளம்பர ஏல மென்பொருளில் வேலை செய்கிறேன். இரண்டாம் விலை ஏலம் பற்றி ஒரு கேள்வி. சீல் வைத்த கவரில் கேட்பு வரும், அதிகம் கேட்டவருக்குப் பொருள், ஆனால் அவர் கட்டுவது இரண்டாவது அதிகபட்ச விலை. இதில் "உண்மையான மதிப்பைக் கேட்பதுதான் சமநிலை" என்று எங்கும் எழுதியிருக்கிறது. இதற்குப் புத்தகம் எதற்கு?

கரும்பலகை எழுதியது:

அந்த வாக்கியத்தில் "தான்" என்பதை எடுத்துவிட வேண்டும். அதற்குத்தான் புத்தகம். உண்மை மதிப்பைக் கேட்பது பல சமநிலைகளில் ஒன்று.

உங்களுக்குப் பொருள் 100 பெறும், எனக்கு 80 பெறும், இருவர் மட்டும் போட்டி. நீங்கள் 80 கேட்கிறீர்கள், நான் 100 கேட்கிறேன். பொருள் எனக்கு, நான் கட்டுவது 80, என் லாபம் பூஜ்யம். விலையைக் குறைத்துத் தோற்றாலும் பூஜ்யம்தான், எனக்கு மாற்றக் காரணம் இல்லை. நீங்கள் ஜெயிக்க வேண்டும் என்றால் 100க்கு மேல் கேட்க வேண்டும், அப்போது கட்டுவது 100, லாபம் பூஜ்யம். உங்களுக்கும் மாற்றக் காரணம் இல்லை. நாஷ் சமநிலை! குறைந்த மதிப்பு வைத்தவர் கையில் பொருள் போய்ச் சேர்கிறது.

அப்படியானால் பொருளியலாளர் விக்ரி இந்த ஏலத்தைப் பற்றி 1961இல் காட்டியது என்ன? உண்மை மதிப்பைக் கேட்பது, மற்றவர் என்ன கேட்டாலும் வேறெந்தக் கேட்பையும் விடக் குறைந்த பலன் தராது. என் 100 அப்படிப்பட்டதல்ல. நீங்கள் தற்செயலாக 90 கேட்டிருந்தால், 80 பெறும் பொருளுக்கு நான் 90 கட்டியிருப்பேன். சமநிலை என்பதும் ஆதிக்க உத்தி (மற்றவர் என்ன செய்தாலும் குறைவுபடாத தேர்வு) என்பதும் வேறு வேறு உரைகல்கள். இந்த வேறுபாட்டை ஆஸ்போர்ன் மூன்றாம் அத்தியாயத்தில் பொறுமையாகக் காட்டுகிறார்.

மென்பொருள்வாசி எழுதியது:

இந்த உதாரணத்தை அலுவலகத்தில் காட்டினேன். மதியம் முழுக்க இதே பேச்சு.

கொங்குநாடன் எழுதியது:

சரி, ஏலப் பகுதிக்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பங்கீட்டு ஆட்டத்துக்கு என்ன சொல்வீர்கள்? ஒருவர் 100 ரூபாயை இப்படிப் பிரிப்போம் என்கிறார், மற்றவர் ஏற்கலாம், அல்லது மறுத்து இருவருக்கும் ஒன்றுமில்லாமல் செய்யலாம். பின்னோக்கிக் கணித்தால், அதாவது கடைசி முடிவிலிருந்து தொடங்கி முன்னால் வந்தால், ஒரு ரூபாய் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் பொருளியலாளர் கூத்தும் அவர் சகாக்களும் 1982இல் வெளியிட்ட சோதனையிலிருந்து எத்தனையோ இடங்களில் மனிதர்கள் சொற்பத் தொகையை மறுத்திருக்கிறார்கள். அப்போது, ஒருவர் பின் ஒருவர் ஆடும் ஆட்டங்களைத் தொடங்கும் ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து கட்டிய கோபுரம் நிற்குமா?

கரும்பலகை எழுதியது:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். அந்தச் சோதனைகள் உடைப்பது "மனிதர் தன் கைக்கு வரும் பணத்தை மட்டுமே பார்க்கிறார்" என்ற அனுமானத்தை. ஆட்டக் கோட்பாடு அந்த அனுமானத்தின் மேல் நிற்கவில்லை. ஆட்டக்காரருக்கு எது விருப்பம் என்பதை நாம்தான் உள்ளே எழுதுகிறோம். அநியாயமான பங்கை வாங்குவதைவிட இருவருக்கும் ஒன்றுமில்லாமல் போவதே மேல் என்று நினைப்பவர் என்றால் அதையே எழுதுங்கள், பின்னோக்கிக் கணியுங்கள், முதல் ஆள் எவ்வளவு கொடுப்பார் என்பது மாறும். சமத்துவத்தை மதிக்கும் ஆட்டக்காரர்களை வைத்து ஆஸ்போர்னே ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்.

இதில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு: விருப்பத்தை இஷ்டத்துக்கு மாற்றி எழுதினால் எந்த நடத்தையையும் விளக்கிவிடலாமே? அதனால், ஒரு ஆட்டத்தில் எழுதிய விருப்பத்தை வைத்து வேறொரு ஆட்டத்தைக் கணித்துப் பார்க்க வேண்டும். அதில் தோற்றால் விருப்பத்தைத் தவறாக எழுதியிருக்கிறோம்.

தாமிரபரணி எழுதியது:

பயிற்சிக் கணக்குகளுக்கு விடை எங்கே கிடைக்கும்? எந்த வரிசையில் போகலாம்?

கரும்பலகை எழுதியது:

கணிசமான பயிற்சிகளுக்கு முழுத் தீர்வை ஆஸ்போர்ன் தன் இணையதளத்தில் பொதுவாகவே வைத்திருக்கிறார். தீர்வைத் திறப்பதற்கு முன் உங்கள் விடையை முழு வாக்கியங்களில் எழுதிவிடுங்கள். சமநிலை எது என்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். வேறு எதுவும் சமநிலை இல்லை என்று காட்டுவது மறுபாதி.

வரிசை: 1, 2, மூன்றில் கூர்னோவும் ஏலமும், அப்புறம் 4, 5, 6. அதன் பிறகு தகவல் குறைபாடு பிடித்தால் 9, திரும்பத் திரும்ப ஆடும் ஆட்டம் பிடித்தால் 14. கூட்டணி ஆட்டங்கள் பற்றிய எட்டாம் அத்தியாயத்தை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். இரண்டாம் அத்தியாயத்தில் பொதுநன்மைக்குப் பங்களிக்கும் பயிற்சி ஒன்று இருக்கும், அதை எழுதி இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.

தாமிரபரணி எழுதியது:

போடுகிறேன் சார். கணக்கு இது: பத்துப் பேர், ஒவ்வொருவரும் பங்கு தரலாம், தராமல் இருக்கலாம். குறைந்தது நான்கு பேர் தந்தால்தான் காரியம் நடக்கும். தந்த பணம் திரும்ப வராது. (புத்தகத்தில் பொதுவான எண்ணிக்கை, நான் பத்தும் நான்கும் எடுத்துக்கொண்டேன்.) எல்லாருக்கும் மிகவும் பிடித்தது, தான் தராமல் காரியம் நடப்பது. அடுத்தது, தந்து நடப்பது. அடுத்தது, தராமல் நடக்காதது. கடைசி, தந்தும் நடக்காதது.

நான்குக்கு மேல் தந்தால்: தந்தவர்களில் ஒருவர் விலகினாலும் காரியம் நடக்கும், அவர் விலகுவார். சமநிலை இல்லை.

சரியாக நான்கு: தந்தவர் விலகினால் காரியம் நின்றுவிடும், விலக மாட்டார். தராதவர் ஏற்கெனவே தனக்கு மிகவும் பிடித்த நிலையில் இருக்கிறார். சமநிலை.

ஒன்று, இரண்டு, மூன்று: காரியம் எப்படியும் நடக்கவில்லை, தந்தவர் விலகுவார். சமநிலை இல்லை.

யாரும் தரவில்லை: ஒருவர் மட்டும் தந்தாலும் காரியம் நடக்காது, பணம்தான் போகும். அதனால் யாரும் மாற மாட்டார்கள். இதுவும் சமநிலை.

கரும்பலகை எழுதியது:

ஒரு குறையும் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நான்கு என்பதற்குப் பதில் ஒருவர் தந்தாலே போதும் என்று மாற்றினால் உங்கள் நிரூபணத்தில் எந்த வரி விழும்?

தாமிரபரணி எழுதியது:

கடைசி வரி. யாரும் தராதபோது ஒருவர் தனியாகத் தந்தாலே காரியம் நடந்துவிடும், அவர் தருவார். அதனால் "யாரும் தரவில்லை" சமநிலையாக இருக்காது. தேவை இரண்டோ அதற்கு மேலோ என்பது அந்த ஒரு இடத்தில்தான் பயன்படுகிறது. ஒன்று என்று வைத்தால் இது அப்படியே அந்தப் போன் கணக்கு!

கரும்பலகை எழுதியது:

அதேதான். இப்போது தேவை இரண்டு, ஆட்கள் மூன்று, பலன் 4, செலவு 1 என்று வைத்து எல்லாரும் ஒரே மாதிரி நடக்கும் கலப்புச் சமநிலையைத் தேடுங்கள். என் பங்கு வித்தியாசம் உண்டாக்குவது மற்ற இருவரில் சரியாக ஒருவர் தரும்போது மட்டும். அதன் வாய்ப்பு 1/4ஆக இருக்க வேண்டும். இருபடிச் சமன்பாடு வரும், அதற்குப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே இரண்டு விடைகள். இரண்டையும் கண்டுபிடித்து, எதிலிருந்து கொஞ்சம் விலகினால் மக்கள் திரும்பி வருவார்கள், எதிலிருந்து விலகினால் ஓடிப்போவார்கள் என்று எழுதிப் போடுங்கள்.